எதிரலைக்காரர்

செருப்புக்கடைக்காரரின் மனைவிக்கு உடம்பு சரியில்லை என்பதை மருத்துவமனை ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. காலையில் எழுந்தால் அவளுக்கு விரல்கள் மடங்காது. மடங்கினால் நிமிராது. மணிக்கட்டும் முழங்காலும் ஆளுக்கொரு பக்கம் இழுக்கும். வீட்டிலேயே ஜன்னல் திரைகள் தைத்துக் கொடுப்பவள் அவள். கத்திரிக்கோலைப் பிடிக்கவே முற்பகல் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆனால் ரத்தம் எடுத்துப் பார்த்தால் எல்லாம் நார்மல். படம் எடுத்துப் பார்த்தால் அதுவும் நார்மல். டாக்டர் காகிதத்தைப் பார்ப்பார், கணினியைப் பார்ப்பார், பிறகு கதவைப் பார்ப்பார். கதவைப் பார்த்துவிட்டார் என்றால் எழுந்துகொள்ள வேண்டும் என்று பொருள். வயசு, மனசு, தூக்கம் என்று காரணங்களை அடுக்கிவிட்டு எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே மாத்திரையை எழுதுவார்.

இப்படியே வருஷங்கள் ஓடிய பிறகு செருப்புக்கடைக்காரரின் தங்கை வந்து உயிர் ஒத்ததிர்வு நல மையத்தைப் பற்றிச் சொன்னாள். தங்கைக்கு அங்கே போய்த்தான் ஒற்றைத் தலைவலி விட்டது. விட்ட வேகத்தில் திரும்பியும் வந்தது. ஆனால் திரும்பி வந்தது தலைவலி அல்ல, தலைவலியின் நினைவுதான் என்று மையத்தில் விளக்கியிருந்தார்கள். அந்த விளக்கத்தில் அவளுக்குப் பூரண திருப்தி.

"அண்ணி உடம்பு ரேடியோ மாதிரி அண்ணா. ஸ்டேஷன் லேசா நகர்ந்திருக்கு, அவ்வளவுதான்" என்றாள் தங்கை. ஒவ்வோர் உறுப்புக்கும் ஓர் அலை உண்டாம். நோய் வந்தால் அலை கோணுமாம். மெஷின் அந்தக் கோணலைப் பிடித்து, தலைகீழாகத் திருப்பி, வந்த வழியே அனுப்புமாம். நோய் தன் முகத்தைத் தானே பார்த்து வெட்கப்பட்டு ஓடிவிடுமாம். செருப்புக்கடைக்காரருக்கு ஒன்றும் விளங்கவில்லை. மருத்துவமனையில் சொன்னதும்தான் விளங்கியதில்லை என்பதால், அதை ஒரு குறையாக அவர் எடுத்துக்கொள்ளவில்லை.

மையம் ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் மேல்மாடியில் இருந்தது. மெத்தென்ற நாற்காலிகள், கண்ணை உறுத்தாத விளக்குகள், ஒரு மீன்தொட்டி. மீன்களுக்கும் வாரம் ஒருமுறை அலை சரிபார்க்கிறார்கள் என்று வரவேற்பில் இருந்த பெண் சொன்னாள். சுவரில் ஒரு சட்டம் மாட்டியிருந்தது. 'இது துணைச் சிகிச்சை மட்டுமே, மருத்துவத்துக்கு மாற்று அல்ல' என்று அதில் எழுதியிருந்ததைப் படிக்க, முன்னால் வைத்திருந்த செடியின் இலைகளை விலக்கிப் பிடிக்க வேண்டியிருந்தது. அந்தச் செடிக்கு மட்டும் எப்போதும் தண்ணீர் தவறாமல் ஊற்றப்பட்டது.

வெள்ளைக் கோட்டு போட்ட ஆலோசகர் அம்மா வந்து மனைவியை உள்ளே அழைத்துக்கொண்டு போனார். கதவு சாத்திக்கொண்டது. செருப்புக்கடைக்காரர் வெளியே உட்கார்ந்து, தொழில் பழக்கத்தில், வருகிறவர்கள் போகிறவர்களின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார். நேரம் போய்க்கொண்டே இருந்தது. மருத்துவமனையில் என்றால் இதற்குள் ஒரு தெருவே உள்ளே போய்த் திரும்பியிருக்கும். கடைசியில் கதவு திறந்து அவள் வெளியே வந்தபோது கண்கள் சிவந்திருந்தன, ஆனால் முகம் கழுவிவிட்டதுபோல் இருந்தது. என்ன சொன்னார்கள் என்று கேட்டார். சும்மா பேசிக்கொண்டிருந்தோம் என்றாள்.

பிறகுதான் மெஷின். இரண்டு கைகளிலும் பித்தளைக் குழாய்கள், பாதத்துக்கடியில் ஒரு தகடு, அங்கிருந்து ஒயர்கள் ஒரு பெட்டிக்கு, பெட்டியிலிருந்து ஒரு திரைக்கு. திரையில் ஒரு மனித உருவம் பல நிறங்களில் ஒளிர்ந்தது. பெட்டியை இயக்கியவரும் ஆலோசகர் அம்மாதான். தக்காளி, சுவர்க்கடிகாரம், குளிர்பதனப் பெட்டியின் உறுமல், மஞ்சள் நிறம் ஆகிய நான்கும் அவளுக்கு ஆகவில்லை என்று மெஷின் கண்டுபிடித்தது. கடிகாரம் பரணுக்குப் போனது. குளிர்பதனப் பெட்டி அணைக்கப்பட்டு, அதில் செருப்புக்கடைக்காரர் தங்கள் மகளின் பழைய புத்தகங்களை அடுக்கினார். மகள் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்ததால் ஆட்சேபிக்க ஆளில்லை. ஒரு தங்கும் விடுதி கொடுத்திருந்த மஞ்சள் திரை வேலையை மனைவி திருப்பிக் கொடுத்தாள்.

அடுத்தடுத்த தடவைகளிலும் உருவத்தின் சிவப்பு குறையவில்லை. எனவே இயக்குநரே நேரில் வந்தார். உயரமான மனிதர். வாசலில் இருந்த பலகையில் அவர் பெயருக்கு முன்னால் டாக்டர் என்று போட்டிருக்கவில்லை. அவரை எல்லோரும் 'டாக்டரைவிட மேலானவர்' என்றே குறிப்பிட்டார்கள். இதைச் சட்டம் தடுக்கவில்லை. வீட்டில் உயிருள்ள ஒரு காரணி இருக்கிறது, அதன் எதிரலை இந்த அம்மாவின் அலையோடு மோதுகிறது, ஆகவே வீட்டில் புழங்குகிற எல்லோரும் குழாயைப் பிடித்தாக வேண்டும் என்றார் அவர்.

முதலில் தங்கை பிடித்தாள். பச்சை. நிறைய பேரை மையத்துக்கு அழைத்துவந்தவர்களுக்கு அலை இயல்பாகவே தெளிந்துவிடுகிறது என்று இயக்குநர் பாராட்டினார். பிறகு செருப்புக்கடைக்காரர் பிடித்தார். உருவம் தலையிலிருந்து கால்வரை சிவந்து, திரையின் ஓரங்களுக்கும் சிவப்பு வழிந்தது. மீன்தொட்டிப் பக்கமாக யாரோ மூச்சை இழுத்துக்கொண்டார்கள்.

"நாங்க யாரையும் குற்றம் சொல்றதில்ல. குற்றம் சொல்றது மெஷின். அதுக்கு உங்க மேல எந்தக் கோபமும் கிடையாது. அதனாலதான் அது சொன்னா நம்பணும்" என்றார் இயக்குநர்.

இன்னொரு தடவை பார்க்கலாமா என்று செருப்புக்கடைக்காரர் மெல்லக் கேட்டார்.

"தாராளமா. ஆனா ரெண்டாவது தடவை வேற மாதிரி வந்தா, முதல் தடவை வந்ததுதான் சரி. ரெண்டாவது தடவை நீங்க உஷாராயிடுவீங்க இல்லையா?"

அவர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையில் இருந்தது இரக்கமா, நிம்மதியா என்று அவரால் பிரித்தறிய முடியவில்லை. எதுவாக இருந்தாலும், கட்டிய மனைவியின் கைவலிக்குத் தானே காரணம் என்று கேட்ட ஒரு மனிதன் என்ன செய்வானோ அதைத்தான் அவரும் செய்தார். என்ன பண்ண வேண்டும் என்று கேட்டார்.

பண்ண வேண்டியவை ஏராளமாக இருந்தன. சட்டைப் பையின்மேல் ஒரு வட்டமான நீல வில்லையை ஒட்டிக்கொள்ள வேண்டும். மனைவியிடம் எதையும் கையில் கொடுக்கக் கூடாது. மேஜையில் வைத்து, அதிலுள்ள தன் அலை அடங்கும்வரை காத்திருந்து, பிறகு அவளைக் கூப்பிட வேண்டும். தேநீர் இந்த முறையில் எப்போதும் ஆறியே போனது. கூடத்தில் படுக்க வேண்டும். இரும்புப் பாத்திரங்கள் அவருடைய அலையை உறிஞ்சி வைத்திருக்கும் என்பதால் அவள் அடுக்களைப் பக்கமே வரக் கூடாது. சமையல், பாத்திரம், துணி, தரை எல்லாம் அவர் பொறுப்பு. விடிவதற்குள் எழுந்து வேலையை முடித்துவிட்டுக் கடை திறக்க ஓடினார்.

சில வாரங்களில் மனைவியின் கைவலி குறைந்தது. மணிக்கட்டு வீக்கம் வற்றியது. அவள் சிரித்துக்கூடப் பேசினாள், தொலைவிலிருந்து. பிழிவதும் தேய்ப்பதும் தூக்குவதும் நின்றால் எந்தக் கைக்கும் கொஞ்சம் நல்லதுதானே என்று செருப்புக்கடைக்காரர் ஒருமுறை தங்கையிடம் சொல்லிப்பார்த்தார். எதிரலை உள்ளவர்களுக்கு இந்த மாதிரி எண்ணங்கள் வருவது இயல்பு என்று தங்கை அன்போடு சமாதானம் சொன்னாள்.

மையத்தில் அவருக்கு இப்போது வேறு அறை. 'காரணிகள் காத்திருக்கும் இடம்' என்று வாசலில் எழுதியிருந்தது. உள்ளே நீல வில்லை ஒட்டிய கூட்டம். ஒரு மாமியார் தொலைபேசி வழியாகவே மருமகனின் மூட்டைக் கெடுத்துக்கொண்டிருந்தார். ஓய்வுபெற்ற மேலாளர் ஒருவர் தன் வில்லை மற்றவர்களுடையதைவிடப் பெரியது என்பதை வருகிற ஒவ்வொருவருக்கும் காட்டினார். அவர் முதல் நிலைக் காரணி. பணிக்காலத்தில் கிடைக்காத பதவி உயர்வு கடைசியில் இங்கே கிடைத்திருந்தது. மூலையில் ஒரு கணக்கு வாத்தியார் யாரோடும் பேசாமல் உட்கார்ந்திருந்தார். நீங்கள் யாருக்குக் காரணி என்று செருப்புக்கடைக்காரர் கேட்டார்.

வாத்தியாருக்குக் கல்யாணம் ஆகவில்லை. தனியாகத்தான் வாசம். தீராத நெஞ்செரிச்சலோடு வந்தவரிடம், வீட்டில் உயிருள்ள காரணி இருப்பதாக மெஷின் சொல்லியிருந்தது. வீட்டில் இருக்கிற ஒரே உயிர் அவர்தான். எனவே தன்னிடமிருந்து விலகியிருக்கும்படி அவருக்குச் சொல்லப்பட்டிருந்தது.

"கண்ணாடி பார்க்கறதில்ல. என்னைப் பத்தி யோசிக்கறதில்ல. லீவு நாள்ல வெளியூர் போயிடறேன்" என்றார் வாத்தியார்.

"யாரோட?"

"அதுதான் சார் பிரச்சினை."

செருப்புக்கடைக்காரர் சிரிக்கப் பார்த்தார். வாத்தியார் சிரிக்கவில்லை. அவருடைய கன்னங்கள் ஒட்டிப்போயிருந்தன. பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். அறையிலிருந்த மற்றவர்கள் மரியாதையாக வேறு பக்கம் பார்த்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான் மனைவியின் மாத்திரைப் பேச்சும் வந்தது. மாத்திரைகளை ஒருபோதும் நிறுத்தச் சொல்வதில்லை என்பதில் இயக்குநர் மிகவும் கண்டிப்பானவர். மாத்திரை டப்பாவை மெஷின் முன்னால் வைத்து, அது என்ன நிறம் காட்டுகிறது என்று நோயாளிக்குக் காட்டுவதோடு மையத்தின் வேலை முடிந்துவிடுகிறது. அதன் பிறகு எடுக்கிற முடிவு நோயாளியின் சொந்த முடிவு. மனைவியும் சொந்தமாக முடிவெடுத்து நிறுத்திவிட்டாள். மறு வாரமே வீக்கம் திரும்பியது. இந்த முறை விரல்களோடு நிற்காமல் முழங்கைக்கும் ஏறியது. ஆலோசகர் அம்மா அதைத் தொடாமல் பார்த்துவிட்டு, வெளியேறும் நோய் தோலுக்கு அடியில் வந்து நிற்கிறது என்றார்.

மையத்தின் ஆண்டுவிழா அதே மாதம் வந்தது. வாடகை அரங்கம் நிரம்பி வழிந்தது. குணமானவர்கள் முன் வரிசைகளில், காரணிகள் பின் வரிசைகளில், நடுவே காலி நாற்காலிகள். விழா மலரில் மனைவியின் படம் இருந்தது. இயக்குநர் ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"அன்பர்களே, விஞ்ஞானம் நம்மை இன்னும் ஏற்கவில்லை என்கிறார்கள். நாம் அவசரப்படவில்லை. விஞ்ஞானத்துக்கு வேண்டிய அவகாசத்தைக் கொடுத்திருக்கிறோம். இந்த மையத்தில் குணமாகவில்லை என்று இதுவரை ஒருவர்கூடப் புகார் செய்ததில்லை. ஏனென்றால் புகார் என்பதே குணமாகாத நோயின் அறிகுறி. அதற்கும் நாம்தான் சிகிச்சை அளிக்கிறோம். மருத்துவமனைகள் நோயாளியை வீட்டுக்கு அனுப்பிவிடுகின்றன. நாம் யாரையும் அப்படிக் கைவிடுவதில்லை. ஒருமுறை நம்மிடம் வந்தவர் ஆயுள் முழுக்க நம்மிடம் வந்துகொண்டே இருக்கிறார். இதைவிட வேறென்ன சான்று வேண்டும்?"

கைதட்டல் அடங்க நெடுநேரம் ஆனது. பிறகு 'சிறப்பாக விலகி நின்றவர்' என்ற விருதுக்காகச் செருப்புக்கடைக்காரரை மேடைக்கு அழைத்தார்கள். ஒரு கண்ணாடிக் கேடயத்தை இயக்குநர் மேஜையில் வைத்து, அலை அடங்கக் காத்திருந்து, எடுத்துக்கொள்ளச் சொன்னார். மேடையின் அந்தக் கோடியில் மனைவி நின்றிருந்தாள். எல்லோரும் தட்டினார்கள். அவள் மட்டும் தட்டவில்லை. கைப்பையைக் கைகளின் மேல் போட்டு மறைத்துக்கொண்டு நின்றாள். உதட்டைக் கடித்தபடி கண் கலங்கியிருந்தாள். கூட்டத்துக்கு அது ஆனந்தக் கண்ணீராகத் தெரிந்திருக்கும். செருப்புக்கடைக்காரருக்கு அப்படித் தெரியவில்லை. ஆனால் பக்கத்தில் போய் என்னவென்று பார்க்க முடியாத இடத்தில், கையில் கேடயத்தோடு நின்றுகொண்டிருந்தார்.

மறுநாள் காலை அவள் எழுந்திருக்கவில்லை. உடம்பு கொதித்தது. முழங்கால்கள் சிவந்து பளபளத்தன. மூச்சை இழுக்கும்போதெல்லாம் விலாவில் குத்துகிறது என்று முனகினாள். அவர் அறை வாசற்படியில் நின்றபடியே மையத்துக்குப் போன் செய்தார்.

"ரொம்ப நல்ல செய்தி" என்றார் ஆலோசகர் அம்மா. "இத்தனை வருஷத்து நோய் ஒரேயடியா கிளம்புது."

"மூச்சு விடவே கஷ்டப்படறாங்கம்மா."

"கிளம்பும்போது கொஞ்சம் நெருக்கும். நீங்க இப்ப எங்க இருக்கீங்க?"

"ரூம் வாசல்ல."

"அதான் பாருங்க. அது வெளிய வர்ற வழியில நீங்க நின்னா எப்படி? வீட்டை விட்டே வெளிய போங்க."

அவர் போனார். பிற்பாடு யோசித்தபோதெல்லாம் அவருக்குத் தன்மீது ஆத்திரம் வந்தது அந்த ஓர் இடத்தில்தான். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல், செருப்பை மாட்டிக்கொண்டு, படியிறங்கி, எதிர்ப்பக்க நடைபாதையில் போய் நின்றார். தெரிந்தவர்கள் கடை திறக்கவில்லையா என்று விசாரித்துவிட்டுப் போனார்கள். கொஞ்ச நேரத்தில் என்றார். ஜன்னல் வழியாகக் கட்டிலின் தலைமாடு தெரிந்தது. அவள் கை தண்ணீர்க் குவளையைத் தேடி வந்தது. தொட்டது. விரல்கள் அதைச் சுற்றி மடங்கவில்லை. இன்னொரு கையையும் கொண்டுவந்து இரண்டு மணிக்கட்டுகளாலும் அணைத்துத் தூக்கப் பார்த்தாள். குவளை சரிந்து விழுந்தது. அதன் பிறகு அந்தக் கைகள் அப்படியே கிடந்தன.

அவர் தெருவைக் கடந்தது அவருக்கு நினைவில்லை. அறைக்குள் போய் அவளைத் தூக்கினார். தோளைப் பிடித்தால் அலறினாள். முழங்காலுக்கடியில் கை கொடுத்தால் துடித்தாள். வலிக்காமல் பிடித்துத் தூக்க அவள் உடம்பில் ஓர் இடம்கூட மீதியிருக்கவில்லை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு இது எப்படித் தனக்குத் தெரியாமல் போனது என்று அவருக்குத் திகைப்பாக இருந்தது. கடைசியில் போர்வையோடு சேர்த்துச் சுருட்டி, குழந்தையைப்போல் மார்பில் சாய்த்துக்கொண்டு படியிறங்கினார்.

மருத்துவமனையில் அன்று இருந்தவர் ஓர் இளம் பெண் டாக்டர். அவர் காகிதத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று மனைவியின் கையை எடுத்து, ஒவ்வொரு விரலின் ஒவ்வொரு கணுவையும் மெல்ல அழுத்தி, இங்கேயா, இங்கேயா என்று கேட்டார். இத்தனை வருஷத்தில் அந்தக் கையை யாரும் தொட்டுப் பார்த்ததில்லை. பழைய சோதனைகளில் இல்லாத சில சோதனைகளை எழுதினார். முடிவுகள் வந்ததும், இது முடக்குவாதம், உடம்பே தன் மூட்டுகளைத் தாக்குகிற நோய், இப்போது நுரையீரலைச் சுற்றியும் நீர் கோத்திருக்கிறது என்றார். மருந்து இருக்கிறது, அடக்கி வைக்கலாம், ஆனால் வளைந்துவிட்ட விரல்கள் இனி நிமிராது. இவ்வளவு முற்றும் வரைக்கும் ஏன் வரவில்லை என்று கேட்டார்.

"வந்துக்கிட்டேதான் இருந்தோம்" என்றார் செருப்புக்கடைக்காரர்.

டாக்டர் கணினியில் பழைய வருகைகளை ஒவ்வொன்றாக நகர்த்திப் பார்த்தார். அதற்கு மேல் அந்தக் கேள்வியை அவர் கேட்கவில்லை.

மாலையில் தங்கை அழுத கண்களோடு ஓடிவந்தாள். மையத்தில் எல்லோருக்கும் விஷயம் தெரிந்துவிட்டதாம். யாரும் கலங்க வேண்டாம் என்று இயக்குநர் சொல்லியனுப்பியிருந்தாராம். இத்தனை வருஷம் எந்த டாக்டர் கண்ணிலும் படாமல் ஒளிந்திருந்த நோயைத் துரத்தி வெளியே கொண்டுவந்து டாக்டரின் கண்ணில் பட வைத்ததே மெஷின்தானாம். அடுத்த மலரில் இதையும் போடப்போகிறார்களாம். அண்ணி சம்மதித்தால் இதே கட்டிலில் படுத்திருக்கிற மாதிரி ஒரு படம் வேண்டுமாம். செருப்புக்கடைக்காரர் தங்கையை அவ்வளவு கடுமையாக அதற்கு முன் பேசியதில்லை. அவள் போன பிறகு கட்டிலோரம் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். சட்டையில் ஒட்டியிருந்த வில்லையைப் பிய்த்துக் குப்பைக்கூடையில் போட்டார்.

மனைவி கண்ணைத் திறந்திருந்தாள். காய்ச்சல் இறங்கியிருந்தது. நோய்க்கு ஒரு பேர் இருக்கிறதாமே என்று கேட்டாள். அவர் பேரைச் சொன்னார். இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். அதன் பிறகு, உடம்பு தேறியதும் ஒரே ஒரு தடவை மையத்துக்குப் போய் ஆலோசகர் அம்மாவைப் பார்த்துவிட்டு வர வேண்டும் என்றாள்.

அவருக்குக் காது கேட்காமல் போய்விட்டதோ என்று இருந்தது. "என்னை எதிரலைன்னு சொன்ன இடத்துக்கா?"

பக்கத்துக் கட்டிலில் யாரோ இருமி ஓய்ந்தார்கள்.

"அதை மெஷின் சொல்லலைங்க" என்றாள். "முதல் நாள் அந்தம்மாகிட்ட அவ்வளவு நேரம் பேசினேனே, உங்களைப் பத்தித்தான் பேசினேன். அவங்க கேட்டாங்க. யாரும் கேட்டதில்ல, அதனால சொல்லிட்டேன். அப்புறம் மெஷின்ல அதுவே வந்துச்சு. பொய்னு எனக்குத் தெரியும். ஆனா வந்ததும் மனசு லேசாயிடுச்சு."

செருப்புக்கடைக்காரர் அவள் கையைப் பார்த்தார். ஊசி குத்தி ஒட்டியிருந்த இடத்தைச் சுற்றி நீலம் பாய்ந்திருந்தது. அப்படி என்னதான் சொன்னாய் என்று கேட்டார்.

"ஒவ்வொரு தடவையும் ரிப்போர்ட் வரும். ஒண்ணுமில்லன்னு இருக்கும். நீங்க சந்தோஷமாயிடுவீங்க. அதுக்கப்புறம் வலிக்குதுன்னு சொல்ல எனக்கு வாயே வராது. வீடு வர்ற வரைக்கும் பேசாமலே வருவேன். நீங்க கவனிச்சதே இல்ல."

கவனிக்கவில்லை என்பது உண்மைதான். அதனால் அவர் மறுக்கவில்லை. வேறென்ன சொன்னாய் என்று கேட்டார். நிறைய இருக்கிறது, இப்போது எதற்கு, கடையைப் பூட்டியே போட்டிருக்கிறீர்கள், கிளம்புங்கள் என்றாள். பரவாயில்லை, சொல் என்றார்.

அவள் தலையணையில் கொஞ்சம் நகர்ந்து படுத்துக்கொண்டு, கல்யாணமான முதல் வருஷத்திலிருந்து ஆரம்பித்தாள். அந்த வருஷத்தில் அவளுக்கு வலி என்று ஒன்று இருந்ததே கிடையாது என்றுதான் அவர் அதுநாள்வரை நினைத்துக்கொண்டிருந்தார்.